இடிச்ச கட்டடத்த ஃபோன்ல காட்டுங்க, தமிழ்லயும் சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஃபோன் கேமராவ தூக்கிப் பிடிச்சா இடிச்சுப்போன கட்டடம் அதே இடத்துல நிக்கிற மாதிரி தெரியுற ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) டெக்னாலஜிய நம்ம சிங்கப்பூர்ல இன்னும் நல்லா பயன்படுத்தணும்னு எனக்கு ரொம்ப ஆச. ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுல 1960ல திறந்த பழைய தேசிய நூலகத்த எடுத்துக்குங்க, ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்காக 2004ல மூடி அப்புறம் இடிச்சாச்சு, மிச்சம் இருக்குறது ரெண்டு செங்கல் தூண்தான். கேமரா அந்தத் தூண அடையாளம் பிடிச்சுக்கிட்டா படம் ஆடாம சரியா உக்காரும், வெறும் ஜிபிஎஸ்ஸ நம்புனா உயரமான கட்டடங்களுக்கு நடுவுல பல மீட்டர் தள்ளிப்போயிடும்.

ரிவர் வேலி ரோட்டுல இருந்த நேஷனல் தியேட்டர்ங்கிற தேசிய அரங்கமும் அப்படித்தான். ஒரு செங்கலுக்கு ஒரு வெள்ளின்னு சனங்ககிட்டயும் நன்கொடை வாங்கிக் கட்டுனது, நம்ம கொடியில உள்ள அஞ்சு நட்சத்திரம் மாதிரி முகப்புல அஞ்சு கூர்முனை, முன்னாடி பிறை வடிவுல நீரூற்று, எவ்வளவு அழகு! 1986ல இடிச்சுட்டாங்க. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு ஃபோட்டோவ காட்டுனா எவ்வளவு பெருசுன்னே புரியாது, அந்த இடத்துலயே நின்னு அண்ணாந்து பாத்தாத்தான் புரியும்.

இத செய்யிறவங்க தமிழ்ல குரலும் கண்டிப்பா சேக்கணும், எழுத்து மட்டும் போட்டா வயசானவங்களுக்கு வெயில்ல ஸ்கிரீன் தெரியாது. அவங்களுக்கு அங்கயே டேப்லெட் இரவல் குடுத்தா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்