மாவோரி நிலம்: போரைவிட நீதிமன்றம் பறித்ததே அதிகம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கும் காலனி அரசுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த நியூசிலாந்துப் போர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாரநாக்கி, வைகாட்டோ போர்களையும், அரசை எதிர்த்தவர்களின் நிலத்தைப் பறிக்க வழிசெய்த 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நடந்த நிலப் பறிமுதலையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் "மீதி நிலத்தை மாவோரிகள் காலப்போக்கில் விற்றுவிட்டார்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். தொழில் வாழ்க்கை முழுவதும் பாகப்பிரிவினை வழக்குகளோடு மல்லுக்கட்டியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

போரில் பறிமுதல் ஆனது ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர். அதிலும் ஒரு பகுதி பின்னால் திருப்பித் தரப்பட்டது. 1860இல் மாவோரிகளிடம் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. 1891இல் அது சுமார் ஒரு கோடியே பத்து லட்சம். 1911இல் எழுபது லட்சம். பறிமுதலைக் கழித்துவிட்டுப் பாருங்கள், பெரும்பங்கு துப்பாக்கி இல்லாமலேயே கைமாறியிருக்கிறது.

அதைச் சாதித்தது, எந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்க 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய பூர்வகுடி நில நீதிமன்றம். அதற்கு முன்பு, பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் 1840இல் செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கைப்படி, மாவோரி நிலத்தை வாங்கும் உரிமை அரசுக்கு மட்டுமே இருந்தது. அந்தக் காலமும் பொற்காலம் அல்ல. 1848இல் தென் தீவில் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வெறும் 2,000 பவுனுக்கு எழுதி வாங்கியது அரசுதான். ஆனாலும் அப்போது பேச்சுவார்த்தை குலத்தோடு நடந்தது. நீதிமன்றம் வந்தபின் குலம் என்ற ஒன்றே சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு குலம் முழுவதும் வேண்டாம் என்றாலும், அதில் ஒரே ஒருவர் மனுப் போட்டால் போதும், விசாரணை தொடங்கிவிடும். மற்றவர்கள் வராமல் இருக்க முடியாது. நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட சாட்சியத்தை வைத்தே தீர்ப்பு என்பதால், வராதவருக்கு நிலம் இல்லை. விசாரணை வெள்ளையர் நகரத்தில் வாரக்கணக்கில் இழுக்கும். ஊரை விட்டு வந்து கூடாரத்தில் தங்கியவர்கள் கடையில் கடன் சொல்லிச் சாப்பிட்டார்கள். நில அளவைக் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், வக்கீல் கட்டணம் எல்லாம் சேர்ந்தன. வழக்கில் ஜெயித்த நிலத்தை விற்றுத்தான் வழக்குச் செலவைக் கட்ட வேண்டும். நம்மூர் சிவில் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் விளங்காத விஷயமில்லை.

வட தீவின் ஹாக்ஸ் பே பகுதியிலுள்ள ஹெரெடாங்கா சமவெளியில் நடந்ததைக் கேளுங்கள். எத்தனை நூறு பேர் உரிமை கொண்ட நிலமானாலும் பத்துப் பெயருக்கு மேல் எழுதுவதில்லை என்பது நீதிமன்றத்தின் ஆரம்பகால நடைமுறை. அந்தப் பத்துப் பேர் எல்லோருக்கும் பொதுவாக நிலத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்று குலத்தார் நம்பினார்கள். சட்டமோ அவர்களையே முழு உரிமையாளர்களாக்கியது. வாங்க வந்தவர்கள் பத்துப் பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே, அவரவர் கடைக் கடனைக் காட்டி மடக்கினார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஹெனாரே தோமோவானா, அரசோடு போரிட்ட மாவோரித் தலைவர் தே கூட்டியை எதிர்த்து, அரசுக்கு ஆதரவாகப் படை திரட்டியவர். அவர் மீதும் கடன் வழக்குப் பாய்ந்தது. 1870இல் நிலம் போயிற்று. கூச்சல் எழுந்து 1873இல் ஆணையம் விசாரித்தது, நிலம் திரும்பவில்லை.

அதே 1873இல் சட்டத்தைத் திருத்தி, உரிமையாளர் அனைவரின் பெயரையும் எழுதச் சொன்னார்கள். நல்ல திருத்தம்போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பெயரும் விற்கத்தக்க ஒரு தனிப் பங்காகிவிட்டது. அரசின் கொள்முதல் அதிகாரிகளுக்கு இது வசதி. பட்டியலை வைத்துக்கொண்டு கையெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது, சில இடங்களில் உரிமை முடிவாகும் முன்பே முன்பணத்தைத் திணிப்பது, போதுமான பங்கு சேர்ந்ததும் அரசின் பாகத்தைப் பிரித்துத் தரும்படி அதே நீதிமன்றத்தில் மனுப் போடுவது. விற்க மறுத்தவர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் துண்டு நிலம். 1867இலேயே அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஃபென்டன், இறந்தவரின் பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும் என்று தீர்ப்பளித்திருந்தார். கேட்க நியாயமாக இருக்கும் அந்த விதி, இரண்டு தலைமுறைக்குள் பங்குகளைப் பயிர் வைக்கவும் உதவாத அளவுக்குச் சிதறடித்தது.

1894இல் தனியார் வாங்குவதற்குத் தடை விதித்து, அரசு மறுபடியும் ஒரே வாடிக்கையாளராயிற்று. போட்டிக்கு ஆளில்லாத சந்தையில் விலை என்னவாகும்? வெள்ளையர் பண்ணைகளை வாங்க அதே அரசு ஏக்கருக்குக் கொடுத்தது, மாவோரி நிலத்துக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு. குடியேறிகளுக்கு மலிவு வட்டிக் கடன் கிடைத்தது. பல பெயர்கள் கொண்ட மாவோரிப் பத்திரத்துக்கு அது எட்டாக்கனி. 1891க்கும் 1911க்கும் இடையில் அரசு வாங்கியது மட்டும் 30 லட்சம் ஏக்கருக்கு மேல். போரில் பறித்த அளவுக்குக் குறையாத நிலம் அமைதிக் காலத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

கலகம் செய்தவர்கள் இழந்தார்கள் என்று நினைப்பவர்கள் ஆக்லாந்தின் ஓராக்கேயைப் பார்க்கட்டும். அங்கிருந்த நாட்டி ஃபாத்துவா மக்கள் 1840இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாப்சனைத் தங்கள் மண்ணுக்குத் தாங்களே அழைத்தவர்கள். 1869இல் ஃபென்டன் அவர்களுக்கு 700 ஏக்கரை, விற்கக் கூடாத நிலமாக, 13 பேர் பெயரில் தீர்ப்பளித்தார். பிற்பாடு சட்டம் மாறியது, நீதிமன்றமே நிலத்தைக் கூறுபோட்டது, அரசு பங்கு பங்காக வாங்கியது. 1950களின் தொடக்கத்தில் மிச்சமிருந்த ஊரையும் காலி செய்து வீடுகளைக் கொளுத்தினார்கள். அவர்களிடம் எஞ்சியது கால் ஏக்கர் இடுகாடு. 1977இல் அவர்களது வாரிசுகள் அந்த ஓராக்கே நிலத்தின் ஒரு பகுதியான பாஸ்டியன் பாயின்டில் 506 நாள் உட்கார்ந்து போராடி, போலீசாரால் அப்புறப்படுத்தப்பட்டு, அதன்பின் பல ஆண்டுகள் கழித்தே ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் ஓராக்கேயிலிருந்து தொடங்கலாம்.

– ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர், தஞ்சாவூர்