சொந்தத்தில் கட்டியதால் வந்ததில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் மைட்டோகாண்ட்ரியா பற்றிய கட்டுரையை ஆசையாகப் பிரித்தேன். செல்லுக்குச் சக்தி தருவது என்பதோடு முடித்துவிட்டீர்கள், அது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறதே. அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சேரும், அப்புறம் பிரியும், சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். இந்தச் சேர்க்கையை வெளிச்சவ்வில் நடத்துவது மைட்டோஃபியூசின் 1, 2 என்ற புரதங்கள், உள்சவ்வில் ஓபிஏ1. ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், என் அக்கா மகனுக்கு மைட்டோஃபியூசின் 2-இல்தான் கோளாறு. வரப்பில் நடந்தால் செருப்பு கழன்று சேற்றிலேயே நிற்கும், பத்தடி போன பிறகுதான் அவனுக்குத் தெரியும். சோம்பேறி என்று நானும் திட்டியிருக்கிறேன். ஜீன் டெஸ்ட் எடுத்த பிறகுதான் சார்கோ-மாரி-டூத் 2ஏ என்ற நரம்பு நோய் என்று தெரிந்தது. 1886-இல் இந்த நோயை விவரித்த மூன்று டாக்டர்களின் பெயர் அது (டூத் என்றதும் பல் டாக்டரிடம் போகணுமா என்று கேட்டாள் அக்கா). இந்த வகைக்கு மைட்டோஃபியூசின் 2 ஜீன்தான் காரணம் என்று கண்டுபிடித்ததே 2004-இல்.

உடம்பு முழுக்க இருக்கும் புரதம் கெட்டால் கால் ஏன் முதலில் துவள்கிறது? மேட்டூர் திறந்து எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் வரும் என்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது உடனே புரிந்தது. கீழ்முதுகிலிருந்து பாதம் வரை போகும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், மைட்டோகாண்ட்ரியா அத்தனை தூரமும் ஊர்ந்து நுனிக்குப் போகணும், இந்தப் புரதம் கெட்டால் சேர்க்கையோடு அந்த ஓட்டமும் கெடுகிறது, கடைமடை காயாமல் என்ன செய்யும்?

அக்காவை மாமன் மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்தோம். சொந்தத்தில் கட்டினதால் வந்த வினை என்று வீட்டுக்குள்ளேயே பேச்சு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே ஜீனின் கெட்ட பிரதி வந்து சேர்ந்து அப்படி வரும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வகையில் பெரும்பாலும் ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும், சில சமயம் பிள்ளையிடம் புதிதாகவே தோன்றும். அக்கா, அத்தான் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தோம், இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. இவனுக்குக் கெட்டிருப்பதும் ஒரே பிரதிதான்.

குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. காலைத் தாங்கும் கேலிப்பரும் பிசியோதெரபியும்தான் ஓடுகிறது. அடுத்த இதழில் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், அக்காவின் மாமியார் உங்கள் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர்.

ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி