பூஞ்சை தின்னும் முன் படங்களை மீட்போம்: நன்கொடை வேண்டுகோள்

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் படக்காப்புக் குழுவின் வணக்கம்.

பங்குனி முடிவதற்குள் நமக்கு 2,87,500 ரூபாய் வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தி மறைந்த பெரியவர் ஒருவரின் நெகட்டிவ் பெட்டிகள் இருக்கும் கட்டடத்தைச் சித்திரையில் இடிக்கப்போகிறார்கள். இடத்துக்காரர் நமக்காக இரண்டு முறை தவணை கொடுத்துவிட்டார். மூன்றாவது முறை கேட்க நமக்கு முகமில்லை.

அந்தப் பெட்டிகளில் இருப்பதைச் சொல்லுமுன் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண் பிள்ளை கல்லூரிக்குள் வந்தால் எங்கள் மகன்களை அனுப்பமாட்டோம் என்று பெற்றோர் எதிர்த்த காலத்தில், முத்துலட்சுமி என்ற பெண்ணை மன்னர் கல்லூரியில் சேர்த்துக்கொண்ட ஊர் இது. அவர்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-ல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்தவர். 1965-ல் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது நம் பகுதி ஒதுங்கி நிற்கவில்லை. அந்த ஆண்டு மொழிக்காக உயிர் நீத்தவர்களில் கீரனூர் முத்துவும் விராலிமலை சண்முகமும் நம் மண்ணின் பிள்ளைகள். அப்போது நம்மில் பெரும்பாலோர் திருச்சி மாவட்டத்தில் இருந்தோம், 1974-ல்தான் தனி மாவட்டமானோம். அதனாலோ என்னவோ, அந்தக் கதைகளில் நம் ஊர்களின் பெயர் சிறிதாகவே வரும்.

ஸ்டுடியோக்காரர் அந்த நாட்களில் 120 ரக பிலிம் ரோல் போட்ட கேமராவோடு கடைவீதியில் நின்றிருக்கிறார். கறுப்புச் சின்னம் குத்திய மாணவர்கள், கதவடைத்த கல்லூரி வாசல், லத்தியோடு வரிசையாக நிற்கும் போலீஸ், செருப்பைக் கையில் பிடித்தபடி சந்துக்குள் ஓடும் ஒரு பையன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் ஜனவரி 27 அன்று குண்டடிபட்டு இறந்த செய்தி வந்த பிறகு எடுத்த ரோலில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சோதனை வந்தால் பறிபோகும் என்று அந்த உறைகளின் மேல் ‘கல்யாண வரவேற்பு’ என்று எழுதி வைத்திருந்தார். இத்தனை காலம் யாரும் பிரித்துப் பார்க்காததற்கும் அதுவே காரணம்.

எங்களை மிகவும் உலுக்கியது இரண்டாவது தொகுதி. 1991-ல் படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அவர் ஒன்றியம் ஒன்றியமாகப் போயிருக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்து அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்த கற்போர் வட்டங்கள், பாட்டிகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் பாவாடை தாவணித் தொண்டர்கள், கலைப்பயணக் குழுவின் வீதி நாடகம், கல்குவாரியில் ஜல்லி உடைத்த கையோடு சிலேட்டைப் பிடித்த பெண்கள். ஒப்பந்தக்காரருக்குக் கூலியாக இருந்த பெண்கள் பின்னர் குழுவாகச் சேர்ந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். கணக்கு எழுதவும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவும் தெரிந்ததில்தான் அந்தத் தைரியம் வந்தது. பிறகு சைக்கிள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போக, நடுவில் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே வாங்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடந்த இப்படியொரு படிப்பைத் தமிழ்நாடு அதற்கு முன் கண்டதில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். அதற்கு நேரடி சாட்சி இந்தப் படங்கள்.

இப்போது அவற்றின் நிலை. பெட்டியைத் திறந்தால் புளித்த காடி வாடை அடிக்கிறது. அசிடேட் பிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் சிதையும்போது வரும் அமில வாடை அது. ஒரு ரோல் கெட ஆரம்பித்தால் அதன் ஆவி பக்கத்து ரோலையும் கெடுக்கும். பிலிம் சுருங்கி, படம் இருக்கும் மேல்பூச்சு உரிந்து வந்துவிட்டால் எந்த நிபுணராலும் மீட்க முடியாது. பல உறைகளில் பூஞ்சை ஏறிவிட்டது. இன்னொரு மழைக்காலத்தை இவை தாங்கா.

செலவு இதுதான். 9,400 நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய, ஒன்றுக்கு 35 ரூபாய் வீதம் 3,29,000. பூஞ்சை நீக்கிச் சுத்தம் செய்ய, அமிலமில்லாத உறைகளும் பெட்டிகளும் வாங்க 1,10,000. இரும்பு அலமாரிகளுக்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் 96,000. மூன்று பிரதிகள் வைக்க ஹார்ட் டிஸ்க் 45,000. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்ட 60 பெரிய பிரிண்ட், 90,000. முதியவர்களைச் சந்தித்துப் பேச்சைப் பதிவு செய்யப் போக்குவரத்து 30,000. ஆக மொத்தம் 7,00,000. கையில் இருப்பது 4,12,500. குழுவில் யாருக்கும் சம்பளமோ படியோ கிடையாது.

அந்த 4,12,500-ஐத் தந்தவர்களை எப்படி வாழ்த்தினாலும் போதாது. பெட்டிகளை ஒரு பைசா வாங்காமல் ஒப்படைத்த ஸ்டுடியோக்காரரின் குடும்பத்துக்கு முதல் நன்றி. ஓய்வூதியம் வந்த அன்றே வந்து கட்டிய ஆசிரியைகளுக்கு நன்றி. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் சம்பளத்தை அப்படியே அனுப்பினார்கள். அவர்கள் குடும்பம் தழைக்கட்டும். மர அலமாரி ஒன்றைத் தன் செலவில் செய்து கொடுத்த தச்சருக்கும், எங்கள் கூட்டங்களுக்குத் திண்ணையும் தேநீரும் தந்த வீட்டாருக்கும் நன்றி. அறிவொளியில் எழுத்துப் படித்த ஓர் அம்மாள் 500 ரூபாய் கொடுத்தார். ரசீதில் கைநாட்டு வைக்க மை எடுத்த தம்பியைத் தடுத்து, பேனாவை வாங்கி, முழுப்பெயரையும் எழுதினார். அவருக்குத் திருக்கோகர்ணத்து அம்மன் நூறாண்டு கொடுக்கட்டும்.

அந்த அம்மனான பிரகதாம்பாள் பெயரில் அம்மன் காசு என்ற நாணயம் அடித்து, நவராத்திரியில் எளியவர்களுக்குக் கொடுத்த ஊர் இது. இங்கே 50 ரூபாயும் எங்களுக்குச் சிறிதல்ல. ஆனால் வசதி உள்ளவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காதுகுத்துக்கு வைக்கும் நாலு ஃபிளெக்ஸ் பேனர் மறுநாள் குப்பைக்குப் போகிறது. அந்தக் காசில் நூறு நெகட்டிவாவது பிழைக்கும். அன்று அறிவொளியில் ஒருங்கிணைப்பாளராக இருந்து இன்று நல்ல நிலையில் இருப்பவர்கள் சிலரிடம் மூன்று முறை போய்விட்டோம். இன்னும் பதில் இல்லை. அந்தப் படங்களில் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகவும், அடுத்த மாதமே நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தும் நீங்கள் உட்கார்ந்தீர்கள். அப்போது எடுத்த படங்கள் எங்கே? பழைய போனோடு பெரும்பாலானவை போய்விட்டன. மீதி இருப்பதை அழுத்திச் சுருக்காமல் மூலக் கோப்பாகவே கொடுங்கள். யாருடைய முகத்தையும் அவர் சம்மதமில்லாமல் காட்சிக்கு வைக்கமாட்டோம்; குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்போம்.

பணத்தை ரசீதுப் புத்தகத்தோடு வரும் உறுப்பினரிடம் மட்டும் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வரவு செலவை மாதம் முடிந்ததும் நூலக வாசல் பலகையில் ஒட்டுகிறோம். ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 1 மணி வரை நூலகத்தில் படங்களை விரித்து வைத்திருப்போம். 1965-ல் ஊர்வலம் போனவர்களுக்கு இன்று எண்பது வயது. அவர்கள் வந்து இது இன்னார், இது இன்ன தெரு என்று சொன்னால்தான் படத்துக்குப் பெயர் எழுத முடியும். நடமாட முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே ஆல்பத்தோடு வருகிறோம்.

இங்ஙனம்,
படக்காப்புக் குழுவினர், புதுக்கோட்டை