தஞ்சாவூர் ராணியும் லண்டன் கோர்ட்டும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். கல்லணை தாண்டி நம் வாய்க்காலிலும் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. குத்தகைக்காரர் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். அம்மாவின் முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

போனில் நீ கேட்ட இரண்டு விஷயங்களுக்கும் அன்று நான் பிடிகொடுக்காமல் பேசினேன். வழக்கு சமாச்சாரத்தை வாயால் பேசினால் நாளைக்கு ஆளுக்கொன்று சொல்வார்கள், எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் சீனியர் வைத்திருந்த சட்டம். வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவனுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்?

முதல் விஷயம் சுலபம். காண்ட்ராக்டருக்குப் பணம் தர மறுக்கும் ஓர் அரசாங்கத்துக்காக ஆஜராக வேண்டியிருக்கிறது, மனம் ஒப்பவில்லை என்றாய். லண்டன் பாரிஸ்டர்களான உங்களுக்கு 'கேப் ரேங்க்' (வாடகை வண்டி வரிசை) விதி என்று ஒன்று இருக்கிறதே, பிறகு என்ன? ஸ்டாண்டில் முதலில் நிற்கும் வண்டிக்காரர் சவாரியின் முகத்தைப் பார்த்து வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. இங்கே பார் கவுன்சில் விதிகளிலும் ஏறத்தாழ இதே கடமையை எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிக்காத கட்சிக்காரர் படியேறினால் அன்றைக்கென்று வக்கீலுக்கு வெளியூரில் கேஸ் இருப்பதாகக் குமாஸ்தா சொல்லி அனுப்புவது வேறு கதை. அதையெல்லாம் நீ கற்றுக்கொள்ள வேண்டாம். வழக்குக் கட்டைப் படி, கேஸை நடத்து.

இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது. வணிக வழக்குகளை விட்டுவிட்டு முழுக்கச் சர்வதேசச் சட்டத்துக்குப் போய்விடலாமா என்று கேட்டாய். சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்து அமைதி மாளிகையில் நாடுகளுக்காக வாதாடுவது எங்கே, கப்பல் சரக்குக்கும் வங்கிக் கடனுக்கும் மல்லுக்கட்டுவது எங்கே என்றாய். அந்த 'எங்கே'யில் ஓர் இளக்காரம் இருந்தது. போகாதே என்று சொல்லப்போவதில்லை. போகிறவள் எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதில்தான் எனக்கு அபிப்பிராயம் உண்டு. அதற்கு நம் ஊர் வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சீனியர் ஆபீஸ் அலமாரியின் மேல்தட்டில் 'மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ்' என்ற பழைய தீர்ப்புத் தொகுதிகள் இருந்தன. யாரும் எடுப்பதில்லை, பல்லி முட்டை வைக்க மட்டும் பயன்பட்டன. தூசி தட்டும்போது ஏழாவது தொகுதியில் தஞ்சாவூர் பெயர் கண்ணில் பட்டதால் உட்கார்ந்து படித்தேன்.

1855 அக்டோபரில் மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். ராஜ்ஜியம் அற்றுவிட்டது என்றார்கள் கிழக்கிந்தியக் கும்பினியார். ராஜ்ஜியம் என்று அப்போது என்ன இருந்தது? 1799 உடன்படிக்கையிலேயே நாட்டை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் ஆண்டுத் தொகையும்தான். மறுவருடம் அக்டோபர் 18ஆம் தேதி ஃபோர்ப்ஸ் என்ற கும்பினி அதிகாரி சிப்பாய்களோடு வந்து அரண்மனையையும் அதிலிருந்த அத்தனையையும் கைப்பற்றினார். எது கஜானா, எது ராஜாவின் சொந்தப் பெட்டி என்ற பாகுபாடெல்லாம் இல்லை.

மூத்த ராணி காமாட்சி பாய் சென்னையில் அப்போதிருந்த சுப்ரீம் கோர்ட்டில் பிராது போட்டார். அந்தப் பிராது கோரியது ராஜ்ஜியத்தை அல்ல என்பதைக் கவனி. கணவரின் சொந்த நகை, நிலம், சாமான்கள். ஆண் பிள்ளை இல்லாதவரின் சொத்து இந்துச் சட்டப்படி மனைவிக்கு வரும், எது அரசுடையது, எது அவருடையது என்று கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள் என்பதுதான். முன்சீப் கோர்ட்டில் தினமும் நடக்கிற சொத்து வழக்குக்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம். சென்னைக் கோர்ட் ராணிக்கு டிக்ரி கொடுத்தது.

அப்பீல் லண்டனுக்குப் போனது. அதற்குள் ஆட்சி விக்டோரியா மகாராணியின் கைக்கு மாறிவிட்டதால் அப்பீல்தாரர் லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி. 1859இல், இந்திய வழக்குகளுக்கு அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சிலில் லார்ட் கிங்ஸ்டவுன் தீர்ப்புச் சொன்னார். இது ஓர் அரசு இன்னோர் அரசின்மீது எடுத்த நடவடிக்கை, 'அரசுச் செயல்'. நியாயமாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம். அதற்குள் நாங்கள் போக முடியாது. தவறே நடந்திருந்தாலும் அதற்குப் பரிகாரம் தர எந்த உள்நாட்டுக் கோர்ட்டாலும் ஆகாது. டிக்ரி ரத்து. 1862இல் சென்னை அரசாங்கம் நிலங்களை ராஜ குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தது. பாத்தியதை என்று சொல்லி அல்ல, தயவு என்று சொல்லி.

படித்தபோது எனக்குக் கோபம் வந்தது ராஜ்ஜியம் போனதற்காக இல்லை. ராஜாக்கள் போனதில் எனக்கொன்றும் வருத்தம் கிடையாது. எந்தச் சாமான் யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிற வேலையே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்களே, அதற்குத்தான். பத்திரத்தில் தபசில் என்று கடைசிப் பக்கம் எழுதுவோம் அல்லவா, சர்வே எண், நான்கெல்லை, மரம் மட்டை, வழிநடைப் பாத்தியம் வரைக்கும்? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. இந்தத் தீர்ப்பைச் சட்டப்படி குறை சொல்ல முடியாது என்று சீனியர் வாதாடினார். அவர் வக்கீல், அப்படித்தான் பேசுவார்.

இதோடு முடிந்திருந்தால் இது பல்லி முட்டைக் கதைதான். நீ அங்கே படிக்கும்போது, "அப்பா, நம்ம ஊர் ராணி என் பாடப் புத்தகத்தில் இருக்கிறார்" என்று ராத்திரியில் கூப்பிட்டுச் சொன்னாயே, அன்றைக்குத்தான் எனக்கு மீதிக் கதை தெரிந்தது. சர்வதேச வெள்ளீயக் கவுன்சில் என்று பல நாடுகள் சேர்ந்து லண்டனில் வைத்திருந்த அமைப்பு, விலை விழாமல் இருக்க வெள்ளீயத்தை வாங்கிக்கொண்டே இருந்து 1985 அக்டோபரில் கையில் காசில்லாமல் உட்கார்ந்துவிட்டது. தரகர்களும் வங்கிகளும் அதில் உறுப்பினரான அரசாங்கங்களின்மீது வழக்குப் போட்டார்கள். கவுன்சில் தனி ஆள், அதன் கடன் நாடுகளின் கடன் ஆகாது, நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை எங்கள் கோர்ட்டுக்குள் வராது என்று 1989இல், அப்போது அங்கே உச்ச கோர்ட்டாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. அந்த இடத்தில் நீதிபதி லார்ட் ஆலிவர் ஆதாரம் காட்டியது யாரை? கிங்ஸ்டவுனை, காமாட்சி பாய் வழக்கை. மறுவருடம் அரசாங்கங்கள் பேரம் பேசி ஒரு பகுதியைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. இங்கே 1862இல் நடந்ததும் இதுதானே?

ஆகவே வணிக வழக்கு ஒரு தெரு, சர்வதேசச் சட்டம் வேறு தெரு என்று நீ பேசியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த இரண்டு வழக்கும் எந்தச் சாமான் யாருடையது, யாருக்கு என்ன பாக்கி என்றுதான் ஆரம்பித்தன. உன் வழக்கும் ஒரு காண்ட்ராக்டரின் பில் பாக்கிதானே?

எங்கள் பக்கத்து வேலையான, டிக்ரிப்படி வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவை எடுத்துக்கொள். இந்தியாவில் வழக்காடுபவனுக்குக் கஷ்டம் ஆரம்பிப்பதே டிக்ரி வாங்கிய பிறகுதான் என்று 1872லேயே பிரிவி கவுன்சில் எழுதியிருக்கிறது. கோர்ட் ஊழியரான அமீனாவோடு ஜப்திக்குப் போனவர்களுக்கு அது புரியும். சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவில் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு: சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, விவசாயியின் உழவு மாடு, விதை நெல். நாங்கள் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்போம். வெளிநாட்டு அரசாங்கங்கள்மீது எப்போது வழக்கும் ஜப்தியும் செல்லும், எப்போது செல்லாது என்று சொல்லும் உங்கள் 1978 ஆம் வருடத்து இறையாண்மை விலக்குரிமைச் சட்டத்தை நீ விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரத்துக்கு வைத்திருக்கும் சொத்தில் கை வைக்கலாம், தூதரகம் நடத்த வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் வைக்கக் கூடாது என்கிறார்கள். நம்முடைய ஏர் மாடு அவர்களுக்குத் தூதரகக் கணக்கு. 1958 நியூயார்க் ஒப்பந்தத்தின்படி நடுவர் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போகலாம், சரி. போன இடத்தில் பிடிக்க ஒரு சொத்து வேண்டுமே. அது எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்று தேடுகிற புத்தியைக் கோர்ட் தாழ்வாரத்தில்தான் கற்க முடியும். அமைதி மாளிகையில் கற்றுத் தருவார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நம் வாய்க்காலையே பார். 1895இல் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஹார்மன், ரியோ கிராண்டே ஆற்றில் மேலே இருப்பவன் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், கீழே இருக்கும் மெக்சிகோவுக்குக் கேட்க உரிமை இல்லை என்று அபிப்பிராயம் எழுதினார். பிறகு 1966 ஹெல்சிங்கி விதிகள் அதை மாற்றி, ஆறு ஓடும் எல்லா இடத்துக்கும் நியாயமான பங்கு என்றன. காவிரித் தீர்ப்பிலும் இந்த விதிகள் பேசப்பட்டன. ஆனால் வழக்கை நகர்த்தியது யார்? 1983இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது நம் டெல்டா விவசாயிகள் சங்கம். 1990இல் தீர்ப்பாயம் வந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது, அது கெஜட்டில் ஏற 2013 ஆயிற்று. 2018இல் சுப்ரீம் கோர்ட் 192 டிஎம்சியை 177.25 ஆகக் குறைத்தது. ஆறு எந்த மாநிலத்துக்கும் தனிச் சொத்தல்ல என்று அதே தீர்ப்பு சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். குத்தகைக்காரர் என்னிடம் கேட்பது அதை அல்ல. மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஜூனில் 9.19 டிஎம்சி, ஜூலையில் 31.24 டிஎம்சி வர வேண்டுமே, வந்ததா என்றுதான் கேட்கிறார். தபசில் தெரிந்த மனிதர்.

நீ சர்வதேசச் சட்டத்துக்குப் போ. நாடுகளுக்காகப் பேசு. பேசும்போது யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தில் என்று கேட்கும் வணிகக் கோர்ட் பழக்கத்தை மட்டும் கழற்றி வைத்துவிடாதே. வருஷத்தில் பாதி வழக்காவது அந்தப் பக்கம் வைத்துக்கொள் என்பது என் யோசனை. முழுக்கப் பெரிய விஷயங்களே பேசுகிற வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன். வாய்தா தேதி கேட்டால் ஜூனியரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

உங்கள் சேம்பரின் சீனியர் கிளார்க்கிடம் இதைப் பற்றிப் பேசினாயா? வக்கீலின் ஃபீஸை அங்கே குமாஸ்தாதான் பேசி முடிக்கிறார், டைரியும் அவர் கையில்தான் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அந்த மனிதர்மீது பெரிய மரியாதை. எந்த வழக்கு வளரும், எந்தக் கட்சிக்காரர் பணம் தருவார் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் கிங்ஸ் கவுன்சல்களுக்குத் தெரியாது, எழுதித் தருகிறேன். நான் விசாரித்ததாகச் சொல். பிறந்த நாடு தவறிவிட்டது, இல்லையென்றால் நானும் காரில் போயிருப்பேன் என்று சொன்னால் சிரிப்பார்.

கடைசியாக வீட்டு விஷயம். சித்தப்பா பிள்ளைகளோடு திருவையாற்று நிலத்துக்குப் பாகப்பிரிவினை எழுதிவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நீயும் பங்குதாரர். உன் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நிற்காது. வர முடியாதென்றால் அம்மா பெயருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதி, இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, அவர்கள் முத்திரையோடு கூரியரில் அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் கட்ட வேண்டும். அதனால் கூரியர் ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடு. வாசகத்தை நான் எழுதி நாளைக்கு அனுப்புகிறேன். உங்கள் லண்டன் நடைக்கு அதைத் திருத்தி அழகுபடுத்த வேண்டாம், சப் ரிஜிஸ்திரார் திருப்பி அனுப்பிவிடுவார். சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் மட்டும் பழைய பத்திரத்தின் நகலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா