செயலாளரின் ஆண்டறிக்கை: பரங்கிப்பேட்டை இரும்பாலைப் பணிகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் வேலை பெரும்பாலும் பழைய இரும்பாலையைச் சுற்றியே நடந்தது. "வெள்ளைக்காரன் நஷ்டப்பட்டு மூடிட்டுப் போனான்" என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நஷ்டத்துக்குக் காரணம் என்ன என்பது நம் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் இங்கே ஆலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து பரிசலில் காவிரி, கொள்ளிடம் வழியாக இறங்கி, கான்சாகிப் வாய்க்காலில் புகுந்து வந்து சேர்ந்தது. ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில்தான் பரிசல் ஓடும்; மற்ற மாதங்களுக்கான தாதுவையும் அப்போதே இறக்கிக் குவிக்க வேண்டும். பணம் முதலில் முடங்கியதே அங்குதான்.

சுத்தமான காந்தத் தாதுவில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு. சேலத்துக் கஞ்சமலைக் கல்லில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) வரிவரியாகக் கலந்திருப்பதால் அதில் பாதிதான் தேறும். இந்தக் கல்லை வறுத்து, உடைத்துத்தான் உலையில் போட வேண்டும். வறுக்காத கல் இறுகிக் கிடக்கும். உலைவாயு உள்ளே புகாது, இரும்பு பிரியாமல் கசடோடு போய்விடும். வெங்கச்சங்கல்லை இளக்கிக் கசடாக்கச் சுண்ணாம்பும் வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கழுத்தை நெரித்தது உலையில் எரிக்கும் விறகுக் கரி. விறகை மூட்டம் போட்டால் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கரியாக மிஞ்சும். பக்கத்துக் காடு தீரத் தீர வண்டிக்கூலி ஏறியது. கரியில் கந்தகம் இல்லாததால் இரும்பு தரமாக இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃகுப் பட்டறைகள் வரை போனது. சரக்கில் குறையே இல்லை. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய நிறுவனம் வந்தும் கரிப் பஞ்சம் தீரவில்லை.

கிட்டம், அதாவது உலையிலிருந்து வழிந்து உறைந்த கசடு, பொறுக்கி வருபவர்களுக்கு ஒரு விளக்கம். ஹீத் ஆலையில் இருந்தது போன்ற பெரிய ஊதுலையின் கிட்டம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பச்சையோ நீலமோ கலந்திருக்கும், கையில் லேசாக இருக்கும். கிராமத்து மண் உலைக் கிட்டம் கறுப்பு, கனம். மெழுகு வழிந்து உறைந்ததுபோல் வரிகள் தெரியும், பல துண்டுகள் காந்தத்தை இழுக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதி உடன் வைத்தால்தான் அதற்கு மதிப்பு.

உப்பு மண்ணில் கிடைத்த வார்ப்பிரும்பை வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசுவது பெருந்தவறு. உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும்; சில மாதத்தில் ஏடு ஏடாக உரிந்துவிடும். எடுத்தவுடன் ஈரத்தோடே பிளாஸ்டிக் வாளியில், நூற்றுக்கு 2 பங்கு காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, உப்பு இறங்குவது நின்ற பிறகே கழுவி, உலர்த்தி, மெழுகு பூசலாம். பெரிய துண்டுக்கு மாதக்கணக்காகும். பொறுமை இல்லாதவர்கள் எடுக்காமல் மண்ணிலேயே விட்டுவைப்பது நல்லது.

வரும் ஆண்டில் மூடியுள்ள வாளிகளும் காந்தங்களும் வாங்க வேண்டியிருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் பொருளாளரிடம் செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்