லினக்ஸில் மிருதங்கம் பதிவு செய்யப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. லேப்டாப்பில் உபுண்டு 24.04 போட்டுவிட்டாய், மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கிவிட்டாய், மிருதங்கத்துக்கு வார் பிடித்து வைத்திருக்கிறாய், ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். ஒரு நாளில் முடிக்கவேண்டும் என்று உட்காராதே. கீழே இருந்து மேலே ஒவ்வொரு படியாகப் போ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போ.

முதலில் அந்த டம்மி அவுட்புட். லினக்ஸ் உன் ஒலி அட்டையையே பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். வன்பொருள் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துவிடாதே. புதிய இன்டெல் லேப்டாப்களில் ஒலியைக் கவனிக்கத் தனியாக ஒரு சின்ன செயலி இருக்கிறது. அதற்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் என்ற சின்ன நிரல் இல்லாவிட்டால் ஒலி அட்டை எழுந்திருக்காது. 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற தொகுப்பு இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் நிறுவு. கணினியை முழுசாக அணைத்துப் போடு. பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

அது சரியாகாவிட்டாலும் பதிவு நிற்காது. நீ பதிவு செய்யப்போவது லேப்டாப்பின் உள் ஒலி அட்டையில் இல்லை, ஸ்கார்லெட்டில்தான். அது யுஎஸ்பி ஆடியோவின் பொது விதிப்படி நடக்கிற கருவி என்பதால் தனியாக டிரைவர் தேடவேண்டாம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று மட்டும் செய்யவேண்டும். உன்னுடையது மூன்றாம் தலைமுறை. புதுசாகச் செருகும்போது ஒரு பென் டிரைவும் கூடவே திரையில் தோன்றும். அந்த நிலையில் கருவியின் எல்லா வசதியும் திறந்திருக்காது. மைக்குக்கு மின்சாரம் அனுப்புகிற 48வி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகு, கொஞ்ச நேரம் கழித்து விடு. பிறகு ஒருமுறை பிடுங்கிச் செருகினால் பென் டிரைவ் காணாமல் போயிருக்கும்.

செருகுவது நேராக லேப்டாப்பின் துளையிலேயே இருக்கட்டும். மவுஸ், கீபோர்டு எல்லாம் தொங்குகிற ஹப்பில் இதைச் சேர்க்காதே.

அடுத்து டெர்மினலைத் திற. 'ஏரெக்கார்ட்', ஓர் இடைவெளி, ஒரு மைனஸ், சின்ன எல் (arecord -l). என்டர் அடித்தால் பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். அதில் ஸ்கார்லெட் பெயர் இருந்தால் கீழ்ப்படி சரி. இல்லாவிட்டால் கேபிளை மாற்றிப் பார். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும்.

இந்தப் பட்டியலைத் தருவது அல்சா. யாரோஸ்லாவ் கிசேலா என்பவர் ஒரே ஒரு ஒலி அட்டைக்காக எழுதிய டிரைவரிலிருந்து 1998இல் தொடங்கியது, பிறகு கெர்னலோடு சேர்ந்துவிட்டது. அட்டையோடு நேராகப் பேசுவது இதுதான். இதற்கு மேலேதான் ஒரு காலத்தில் சண்டை நடந்தது. யூடியூப், உலாவி எல்லாம் பல்ஸ்ஆடியோ வழியாகப் பேசும். ரெக்கார்டிங் மென்பொருள்கள் ஜாக் என்ற வேறு வழியில் பேசும். ஜாக் அட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஊமை. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தபோது பதிவுக்கு உட்காருமுன் பல்ஸ்ஆடியோவை நிறுத்திவிட்டுத்தான் ஜாக்கைத் தொடங்குவோம். உனக்கு அந்தப் பாடு இல்லை. விம் டேமான்ஸ் எழுதிய பைப்வயர் இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2021இலேயே அதற்கு மாறிவிட்டது, உபுண்டு 22.10இலிருந்து. ஆகவே உன் கணினியில் பைப்வயர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் பழைய குறிப்பு எதையாவது பார்த்துவிட்டு பல்ஸ்ஆடியோவை அழி, மறுபடி நிறுவு என்று இறங்காதே. லினக்ஸ் ஒலி பற்றிய பழைய ஆலோசனைகளில் பல இன்றைக்கு உபத்திரவம்தான்.

'பாவுகன்ட்ரோல்' (pavucontrol) என்ற சின்ன மென்பொருளை நிறுவிக்கொள். அதன் கடைசிப் பக்கத்தில் எல்லாக் கருவிகளும் வரிசையாக இருக்கும். எச்டிஎம்ஐ என்று இருப்பதை அணைத்துவிடு. மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாதபோதும் ஒலி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கார்லெட்டுக்கு எதிரே 'ப்ரோ ஆடியோ' என்பதைத் தேர்ந்தெடு. இரண்டு மைக்கும் ஸ்டீரியோ ஜோடியாகக் கலக்காமல் தனித்தனியாக வரும். வலது முகமான வலந்தலை ஒரு வழி, இடது முகமான தொப்பி ஒரு வழி என்று நமக்குப் பிரிந்தே வேண்டும்.

இன்னொரு வேலை. ஒலிக்கு முன்னுரிமை கொடுக்கும்படி கணினியிடம் சொல்லவேண்டும். ஜாக்கை நீ ஓட்டப்போவதில்லை என்றாலும் அதன் தொகுப்பை நிறுவு. நிறுவும்போது ரியல்டைம் முன்னுரிமை வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், ஆம் என்று சொல். உன் பயனர் பெயரை 'ஆடியோ' குழுவில் சேர்த்துவிட்டு, லாக் அவுட் செய்து திரும்ப வா. சேர்த்ததும் உடனே பலன் தெரியவில்லையே என்று குழம்பாதே. மறுபடி உள்ளே வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

பதிவுக்கு ஆர்டர் (Ardour) என்ற ரெக்கார்டிங் மென்பொருள் போதும். ஜாக்கை எழுதிய பால் டேவிஸ்தான் இதையும் தொடங்கினார். உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கிடைக்கும். ரீப்பர் என்ற இன்னொன்றும் லினக்ஸில் ஓடும், நல்ல மென்பொருள்தான். ஆனாலும் நான் ஆர்டரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீ பதிவு செய்வதெல்லாம் ஒரு கோப்புறைக்குள் சாதாரண வேவ் கோப்புகளாகத்தான் இருக்கும். எந்த டிராக் எங்கே என்ற கணக்கு, திறந்து படிக்கக்கூடிய ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கும். ஆர்டரே இல்லாத கணினியிலும் உன் வாசிப்பை எடுத்துக் கேட்கலாம். குருவிடம் கற்ற பாடத்தைப் பதிந்து வைக்கப்போகிறாய். பல வருஷம் கழித்தும் அது திறக்கவேண்டும்.

புது செஷன் தொடங்கும்போது 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் வை. 96,000 எல்லாம் வேண்டாம், டிஸ்க்தான் நிறையும். ஆடியோ சிஸ்டம் எது என்று கேட்கும். பதிவு செய்கிற நேரத்துக்கு 'அல்சா' என்பதையே தேர்ந்தெடு. அப்போது ஸ்கார்லெட் ஆர்டரின் கையில் மட்டும் இருக்கும், உலாவியோ வாட்ஸ்அப்போ நடுவில் சத்தம் எழுப்ப முடியாது. பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டு, 256 சாம்பிள். அப்படி எத்தனை துண்டு என்கிற பீரியட் 3. யுஎஸ்பி கருவிகளுக்கு 3 நிதானமாக ஓடும். சும்மா ஏதாவது வாசித்துப் பார்க்க, நாலு மென்பொருளை இணைத்து விளையாட வேண்டுமென்றால் அப்போது பைப்வயர் வழியாகப் போ. க்யூபிடபிள்யூகிராஃப் (qpwgraph) என்று ஒன்று இருக்கிறது, எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை வயர் வயராகக் காட்டும். பார்க்கவே அழகாக இருக்கும்.

இப்போது நீ மெனக்கெட்டுக் கேட்டிருந்த லேட்டன்சிக்கு, அதாவது ஒலி கணினிக்குள் போய்த் திரும்பி வரும் தாமதத்துக்கு வருகிறேன். பஃபரை 64க்குக் கொண்டுவர என்ன வழி என்று கேட்டிருக்கிறாய். அது உனக்குத் தேவையே இல்லை. கணக்கைப் பார். 48,000இல் 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லி செகண்ட். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக அது 1.8 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதற்குச் சமம். உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, யுஎஸ்பி எல்லாம் சேரும்போது இன்னும் கூடும், உண்மைதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பியானோவை கீபோர்டில் வாசிப்பவருக்கும், கிட்டாரை மென்பொருள் வழியாகக் கேட்டு வாசிப்பவருக்கும் அது உறுத்தும். நீ வாசிப்பது மிருதங்கம். உன் சத்தம் உன் மடியிலேயே இருக்கிறது. ஹெட்ஃபோனில் உனக்கு வேண்டியது தம்புராவும், உன் சிநேகிதி சென்னையிலிருந்து அனுப்புகிற வயலினும்தான். அதனால் உன் வாசிப்பையே ஹெட்ஃபோனில் திருப்பிக் கேட்கவைக்கிற மானிட்டரிங்கை ஆர்டரில் அணைத்துவிடு. ஸ்கார்லெட்டில் டைரக்ட் மானிட்டரும் வேண்டாம்.

உனக்கு முக்கியம் வேறு ஒன்று. வயலின் ஆர்டரிலிருந்து கிளம்பி உன் காதுக்கு வர ஒரு நேரம் ஆகிறது. நீ அதைக் கேட்டு வாசிக்கிறாய். உன் அடி மைக் வழியாக உள்ளே போய்ச் சேர இன்னொரு நேரம் ஆகிறது. இந்த இரண்டையும் கூட்டி, ஆர்டர் உன் டிராக்கை அவ்வளவு முன்னால் தள்ளி வைக்கவேண்டும். அந்த அளவு அதற்குத் தெரியாவிட்டால், நீ தாளம் தொடங்குகிற சமத்தில் கச்சிதமாக முடித்திருந்தாலும் பதிவில் தள்ளித்தான் விழும். தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்துக்கு ஒரு விநாடி வை. மேல்காலத்தில் அதில் எட்டு சொல் விழுகிறது. ஒரு சொல்லுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 125 மில்லி செகண்ட். அதில் 15 மில்லி செகண்ட் பிந்தினால் கேட்பவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் 'பொண்ணு கொஞ்சம் இழுக்குது' என்பார்கள். உன் கையில் இல்லாத குறை உன் பெயரில் விழக்கூடாது.

அதற்கு வழி ஆர்டரிலேயே இருக்கிறது. ஸ்கார்லெட்டின் பின்பக்க முதல் அவுட்புட்டிலிருந்து முன்பக்க முதல் இன்புட்டுக்கு ஒரு கேபிளைப் போடு. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே வை, இதைக் காதில் வைத்துக்கொண்டு செய்யாதே. 48வி, இன்ஸ்ட், ஏர் என்ற பொத்தான்கள் மூன்றும் அணைந்திருக்கட்டும், உள்ளே வரும் ஒலியைக் கூட்டுகிற கெயின் குறைவாக இருக்கட்டும். ஆர்டரின் ஆடியோ செட்டப்பில் 'கேலிபிரேட்' என்று இருக்கும். அளக்கச் சொன்னால் ஒரு கரகரப்பான ஒலியை வெளியே அனுப்பி, அது திரும்பி வர எத்தனை சாம்பிள் ஆயிற்று என்று காட்டும். எண் ஆடாமல் நின்றதும் அந்த முடிவை ஏற்றுக்கொள். பஃபரை மாற்றினால் மறுபடி அளக்கவேண்டும். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதே.

சரி, மைக். உன்னிடம் இருப்பது இரண்டு டைனமிக் மைக், அதற்கு 48வி வேண்டாம். வலந்தலைப் பக்கம் ஒரு சாண் தள்ளி, நடுவில் கறுப்பாக இருக்கிற கரணைக்கு நேராக வைக்காமல், கரணைக்கும் ஓரத்து மீட்டுக்கும் நடுவே பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்து வை. நேராக வைத்தால் சாப்பு என்கிற கணீரென்ற அடி காதைக் குத்தும். தொப்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். தொப்பியில் கையை அழுத்தி கும்கி இழுக்கும்போது வருகிற காற்று மைக்கில் மோதக்கூடாது. உன் பலமான தீர்மானத்தை வாசித்துக்கொண்டே கெயினைக் கூட்டு. மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத இடத்தில் நிறுத்து. 24 பிட்டில் சத்தம் குறைவாக இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், முட்டி உடைந்த சாப்பை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டு டிராக்கையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பி மெலிந்துபோனால் தொப்பி டிராக்கில் ஃபேஸைத் திருப்பும் பொத்தானை அழுத்திப் பார், எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்.

'உம்ம்' என்று ஒரு முனகல் வந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்கு. பேட்டரியில் ஓடும்போது நின்றுவிட்டால் மின்சாரத்தில் வருவதுதான், பதிவை பேட்டரியிலேயே முடி. ஃபேனை நிறுத்து. ஜன்னல் பக்கம் இரண்டு ஜமுக்காளத்தைத் தொங்கவிடு. இந்த விலையில்லாத வேலைகள் எந்த பிளகினையும்விட அதிகம் செய்யும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் கூடவே கூடாது, அதன் தாமதம் எந்தக் கணக்கிலும் அடங்காது.

நடுவில் 'டிக் டிக்' என்று ஒலி அறுந்தால் அது எக்ஸ்ரன், கணினியால் நேரத்துக்கு ஒலியைக் கொடுத்து வாங்க முடியவில்லை என்று அர்த்தம். பஃபரை 512 ஆக்கு. மேலே சொன்னதால் உனக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை, அளவை மறுபடி எடுத்தால் போதும். வைஃபையை அணை, கணினியின் பவர் அமைப்பை 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதில் வை.

தாளத்துக்கு ஆர்டரின் மெட்ரோனோமையே வைத்துக்கொள்ளலாம். ஆதி தாளத்துக்கு 8/4, மிஸ்ர சாப்புக்கு 7/8, கண்ட சாப்புக்கு 5/8. சமத்தில் மட்டும் வேறு ஒலி கேட்கும். ஆனால் தனி ஆவர்த்தனத்துக்கு இதை வைக்காதே பாப்பா. கிளிக்கைத் துரத்தி வாசித்தால் உன் குரு கட்டிக்கொடுத்த நடையே போய்விடும். பாட்டோடு வாசிக்கும்போது வயலினே உனக்குத் தாளம். கிளிக் வேண்டியது பயிற்சிக்கும், கோர்வை கணக்கு சரிபார்க்கவும்தான்.

அளவெடுத்து முடித்ததும் அந்த எண்ணை எனக்கு அனுப்பு. வயலின் கீர்த்தனை ஒன்றுக்கு வாசித்து, வலந்தலை, தொப்பி இரண்டையும் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் தனித்தனி கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பு. ஈக்யூ, ரிவர்ப், கம்ப்ரசர் எதையும் தொடாதே, மைக்கில் வந்தது அப்படியே எனக்கு வேண்டும். மைக் எங்கே இருந்தது என்று தெரியும்படி ஒரு படமும் எடுத்து வை. செஷன் கோப்புறையை முழுசாக ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு எழுந்திரு.

தொப்பியில் ரவையை வழித்துத் துடைத்துவிட்டு உறை போடு. அங்கே மழை ஆரம்பித்துவிட்டது என்றாய், தரையில் வைக்காதே.

அன்புடன்,
அம்மா