மேட்டில் ஓர் அறை: ஆடிக்கு முன் கட்டி முடிக்கக் கை கொடுங்கள்

வணக்கமுங்க. பள்ளிபாளையத்தில் காவிரியை ஒட்டிக் குடியிருக்கும் 87 குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். கேட்பது பணம்தான். வெள்ளம் வந்தால் கைகொடுக்கும் சாமான்களையும் எங்கள் அட்டை நகல்களையும் வைக்க, மேட்டில் ஓர் அறை கட்டுவதற்கு. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, 16 கண் மதகைத் திறந்துவிட்டால் சுற்றுவட்டாரமே வேடிக்கை பார்க்க வந்துவிடும். பாலத்தின் மேலே செல்ஃபி, கீழே நாங்கள். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டி, மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். சரி, போகலாம். பீரோவை யார் தூக்குவது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாரை எப்படிக் கொண்டுபோவது? அதெல்லாம் மைக்கில் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள், சோறு போட்டார்கள். அதைக் குறை சொன்னால் எங்கள் வாய் அழுகிவிடும். வயிற்றெரிச்சல் தண்ணீர் வடிந்த பிறகுதான். 2022-ல் திரும்பி வந்தபோது சுவரில் காலண்டர் தொங்கிய உயரம் வரை சேறு. எங்கள் தெரு அக்கா ஒருவர், ரேஷன் அட்டையையும் மகளின் மார்க் ஷீட்டையும் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டிருந்தார். கணக்கெடுக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டு வரி ரசீது இருக்குதுங்களா?" அக்கா இருப்பது வாடகை வீடு. ரேஷன் அட்டையில் தருமபுரிப் பக்கத்து முகவரி. தறி ஓட்ட இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகியும் மாற்ற முடியவில்லை. "உங்க ஊர்ல வெள்ளம் வரலீங்களே" என்று சொல்லிவிட்டு, வந்தவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார். கொடியில் தொங்கிய அட்டையில் இருந்து அப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. இடிந்த வீட்டுக்கு நிவாரணம் வேண்டுமானால் அது அனுமதி பெற்ற கட்டடம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? துணிமணி, பாத்திரத்துக்கு உதவி வேண்டுமானால் வீடே அடித்துப்போயிருக்க வேண்டும் அல்லது முழுதாக இடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குள் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் அரிசி மூட்டை ஊறிப்போனால் அது கணக்கில் வராது. கைத்தறிக்காரருக்காவது விதியில் ஓர் இடம் உண்டு. விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவருக்கு, வேலை நின்ற நாட்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

நிவாரணத் தொகையிலும் ஊருக்கு ஊர் வேறுபாடுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குச் சென்னையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய். மறு வருஷம் ஃபெஞ்சல் புயலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000. சென்னைக்காரர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவர்கள் பட்டதும் பாடுதான். ஆனால் அரிசி விலை இரண்டு ஊரிலும் ஒன்றுதானே?

நம் பக்கத்திலேயே, மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மழையில் சுவர் இடிந்து 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தலித் மக்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். உதவித்தொகை அறிவிப்பு அப்புறம் வந்தது. முறையீட்டை யாராவது காதில் வாங்கியிருந்தால் அந்த அறிவிப்புக்கே வேலை இருந்திருக்காது.

அரசிடம் கேட்பதை நாங்கள் விடப்போவதில்லை, மனு எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை ஆறு காத்திருக்காதே!

மாரியம்மன் கோயில் மேட்டில் கோயில் கமிட்டி இடம் கொடுத்திருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அளவில், ஹாலோ பிளாக் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் அறை. அதற்கு 1,20,000 ரூபாய். உள்ளே வைக்க லைஃப் ஜாக்கெட், கயிறு, சார்ஜ் லைட், நோயாளிகளைத் தூக்க ஒரு ஸ்ட்ரெச்சர், பெரிய அடுப்பு, அண்டா எல்லாம் சேர்த்து 40,000. இதில் எங்களுக்கு முக்கியம் ஓர் இரும்பு அலமாரி. ஒவ்வொரு வீட்டுக்கும், வாடகைக்காரர் உட்பட, ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் அட்டைகளின் நகல், வாடகைக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சீட்டு, வீட்டின் உள்ளேயும் வெளியேயும் எடுத்த போட்டோ. அடுத்த முறை ரசீது கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும்.

குடும்பத்துக்கு 500 ரூபாய் வீதம் 43,500 சேர்ந்துவிட்டது. கொத்து வேலையும் சித்தாள் வேலையும் எங்கள் ஆட்களே கூலியில்லாமல் செய்கிறார்கள், அது மேலே சொன்ன கணக்கில் சேராது. இன்னும் 1,16,500 வேண்டும். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ரசீதுப் புத்தகம் தெருமுனை மளிகைக் கடையில் இருக்கும். வரவு செலவை மாதம் ஒருமுறை கோயில் சுவரில் ஒட்டுவோம், வந்து பாருங்கள். பெயர்ப் பலகை எழுதும் எண்ணம் இல்லை, அந்தப் பணத்துக்கு இரண்டு லைஃப் ஜாக்கெட் வரும்.

பணம் தோதுப்படாதவர்கள் சிமெண்ட் ஒரு மூட்டை கொடுத்தாலும் சரி. லாரி பட்டறைக்காரர்கள் பழைய டியூப் இருந்தால் எடுத்து வையுங்கள். ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, பஞ்சர் ஒட்ட எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது.